விமானம் ஏற வேண்டிய பொக்லைன்

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குள் போகும் என்று சொல்லி ஏற்றிக்கொண்ட நடத்துனர், புறவழிச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கச் சொன்னார். கேட்டதற்கு, இதுவும் சிதம்பரம்தான் என்றார். விசில் கொடுத்துவிட்டுப் போயும்விட்டார். என் பையில் இரும்புச் சங்கிலிகளும் அவற்றை இறுக்கும் கொக்கிகளும் இருந்தன. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. ஊருக்குள் நடந்து வருவதற்குள் தோள் வீங்கிவிட்டது. இந்தப் பயணத்தில் எனக்கு வந்த முதல் கோபம் அது. பிறகு வந்தவற்றோடு பார்த்தால் அதெல்லாம் கோபமே இல்லை.

கீழவீதியில் ஒரு கடையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் கிடைத்தன. எங்கள் கோவில்பட்டிக் கடைகளில் இட்லிக்கு மூன்று சட்னி வைப்பார்கள், மூன்றும் ஒரே ருசியாக இருக்கும். இங்கே ஒரே ஒரு கொத்சு, அதில் புளியும் காரமும் சண்டை போடாமல் நின்றன. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர் என் பையைக் காலால் தள்ளிப் பார்த்து, உள்ளே என்ன பிணமா என்று கேட்டார். யானை கட்டுகிற சங்கிலி என்றேன். கோயில் யானைக்கா என்றார். இல்லை, பொக்லைனுக்கு என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். மும்பைத் துறைமுகம், மஸ்கட் விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு, அசாமில் சாலை வேலை என்று சுற்றியதில் இந்தி வந்தது, கனமான இயந்திரங்களை விமானத்தின் வயிற்றுக்குள் அசையாமல் கட்டத் தெரிந்தது. அசாமில் பழக்கமான ராமலிங்கம் என்கிற ஒப்பந்தக்காரர்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது ஏரி தூர்வாருவது, வாய்க்கால் வெட்டுவது என்று மண் வேலை எடுக்கிறார். அவரிடம் ஒரு மிதவை பொக்லைன் உண்டு. சாதாரணப் பொக்லைனுக்குக் கீழே இருக்கும் இரும்புச் சங்கிலிக் காலுக்குப் பதிலாக இதற்கு இரண்டு பக்கமும் படகு மாதிரி மிதவைப் பெட்டிகள், அவற்றைச் சுற்றி ஓடும் சங்கிலியும் பட்டைகளும். சேற்றில் புதையாமல் ஊர்ந்து போகும், தண்ணீரில் மிதக்கும்.

வடகிழக்கு மலையில் ஓரிடத்தில் சரிவு விழுந்து, சாலை போடுகிறவர்களின் முகாமுக்குக் கீழே ஓடையை அடைத்துவிட்டது. பின்னால் தண்ணீர் தேங்கி முகாமை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஏறித் தப்பிக்கலாம் என்றால் மேல்சரிவிலிருந்து இன்னும் கல் உருண்டுகொண்டிருந்தது. மேகம் விலகாததால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. அடைப்பை வெட்டிவிட அனுப்பிய பொக்லைன்கள் சேற்றில் கழுத்து வரை புதைந்து நின்றுவிட்டன. மிதவை பொக்லைன் வேண்டும், அதை விமானப்படை கொண்டுபோகும் என்று முடிவானது. அதைக் கழற்றி, கழுவி, விமானம் ஏற்றத் தோதாகக் கட்டிக் கொடுப்பது என் வேலை.

வண்டி லால்பேட்டைக்குப் பக்கத்தில் வீராணம் ஏரிக் கரையில் நின்றது. அதன் ஓட்டுநர் யூசுப் லால்பேட்டைக்காரர். ஆள் பெரிய உடம்பு, பேச்சு அதைவிடப் பெரியது. என்னைப் பார்த்ததும், "கோயில்பட்டிக்காரரே, உங்க ஊருல ஏரி இருக்கா?" என்றார். இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்றேன். சிரித்தார். ஆனால் கை அடிக்கடி சட்டைப் பையில் இருந்த கைபேசிக்குப் போய்வந்தது. காரணத்தை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். அவர் மனைவி நூர்ஜஹானின் தம்பி ஜாபர் அந்த முகாமில்தான் ரோலர் ஓட்டுகிறான்.

நூர்ஜஹான் விரால் மீன் குழம்பும் சோறும் வைத்துவிட்டு, தம்பி அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினாள். அக்காவை அவர்கள் லாத்தா என்கிறார்கள். "லாத்தா, கக்கூஸ் போயிடுச்சு, சிமெண்ட் கொட்டாயிக்குள்ள தண்ணி வந்துடுச்சு. சமையக் கொட்டாய் மட்டும் நிக்குது, சோறு இருக்கு, பயப்படாத. மச்சான ஜல்தியா வண்டிய ஏத்தச் சொல்லு. ஏரோப்ளேன்ல பொக்லைன் வருதுன்னு சொன்னா இங்க எல்லாம் சிரிக்கிறானுவ." கேட்டு முடித்ததும் அவள் என்னைப் பார்த்து, எப்போது கிளம்பும் என்றாள். கழுவி முடித்தால் கிளம்பும் என்றேன். கழுவுவதற்கு இவ்வளவு நேரமா என்று அவள் கேட்கவில்லை. முகம் கேட்டது.

கிரேன் வந்து மிதவைப் பெட்டிகளைத் தனியாகப் பிரித்தோம். கழுவுவது என்றால் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பது இல்லை. சங்கிலிக் கண்ணிகளுக்குள், பட்டைகளுக்கு நடுவில், அச்சாணி முனையில் எங்கேயும் ஒரு சிட்டிகை மண் இருக்கக் கூடாது. பறக்கும்போது உதிர்கிற மண்ணும் கல்லும் விமானத்தின் தரைக்கடியில் ஓடும் கம்பிகளில் போய் மாட்டும். வீராணத்து வண்டல் காய்ந்தால் சிமெண்ட். எங்கள் ஊர்க் கரிசலும் பிடிக்கும், ஆனால் காய்ந்ததும் வெடித்து விழுந்துவிடும். இது விழாது. உளி வைத்துத் தட்டினோம். நத்தை, நண்டு, ஒரு காலத்தில் கெளுத்தியாக இருந்த ஏதோ ஒன்று, எல்லாம் வந்தன. ஏரி மண்ணை ஏரித் தண்ணீரை வைத்தே கழுவிக்கொண்டிருந்தோம்.

கரையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, கல்யாணத்துக்கா குளிப்பாட்டுறீங்க என்றார். "ஆமா மாமா, பொண்ணு மலை மேல இருக்கு" என்றார் யூசுப். உளியை வைக்காமலேதான் சொன்னார்.

நான் தங்கியது அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டார் நிர்வாகி. பொக்லைன் கழுவுகிற டிபார்ட்மெண்ட் என்றேன். இடமில்லை என்றார். வராந்தாவில் நின்று சண்டை போட்ட பிறகு, தண்ணீர் வராத ஓர் அறையைக் கொடுத்தார். பகலெல்லாம் தண்ணீரில் நின்றவன் மேலெல்லாம் சேற்றோடு படுத்தேன்.

மறுநாள் விமானப்படையிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். மூத்தவர் வாரண்ட் ஆபீசர், வடக்கத்திக்காரர். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து ஊர்ந்தார். பேசியதெல்லாம் இந்தியில், நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். பக்கெட்டின் மூலையிலிருந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்து என் கையில் வைத்து, "தெரியாத எதையும் நான் ஏற்றமாட்டேன், இது யார் என்று எனக்குத் தெரியாது" என்றார். திரும்பவும் கழுவினோம். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேலை தெரிந்திருந்தது, சீக்கிரம் முடிக்கவும் விரும்பினார். எடை போட்டு, ஒவ்வொரு பாகத்தின் எடையும் எந்த இடத்தில் நடுவாக நிற்கிறது என்று பார்த்து, அங்கே வெள்ளை நாடா ஒட்டினார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி முனைகளைச் சுற்றச் சொன்னார். இருக்கைக்குக் கீழே கிடந்த ஸ்பேனர், தண்ணீர் பாட்டில், பாய், எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம்.

கடைசியில் டீசல். டேங்க்கின் அடியில் கொஞ்சம்தான் இருக்கலாம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், நிறைய இருந்தால் மூச்சுத் துளை வழியாகப் பொங்கி வெளியே வரும், பிறகு ஒரு பொறி போதும் என்றார். யூசுப் குழாயைப் போட்டு டீசலை இறக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டார். அவர்கள் பக்கத்தில் வெளியூர் வேலைக்குப் போகும் வண்டியை டேங்க் நிறைத்துத்தான் அனுப்புவார்களாம். சாப்பிடாத ஆளை ஊருக்கு அனுப்புகிற மாதிரி இருக்கு அண்ணே என்றார். மலையில் போய்ச் சாப்பிடட்டும் என்றேன்.

அதிகாரி திருப்திப்பட்டார். நாளை நண்பகலுக்குள் விமானப்படைத் தளத்தின் வாசலில் நிற்க வேண்டும், விமானம் யாருக்காகவும் நிற்காது, இன்னொரு சரக்கும் வரிசையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஜாபரிடமிருந்து வந்த குரலில் சிரிப்பு இல்லை. சமையல் கொட்டாய்க்குள்ளும் தண்ணீர், எல்லோரும் ரோலர் மேலும் லாரி மேலும் உட்கார்ந்திருக்கிறோம் என்றான்.

விடிந்ததும் இரண்டு டிரெய்லர்களில் கிளம்பினோம். யூசுப் முதல் டிரெய்லரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், நான் அவருக்குப் பக்கத்தில். புதுச்சத்திரம் தாண்டும்போது ராமலிங்கத்திடமிருந்து போன். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னார். வட்டாரத்துப் பிரமுகர் ஒருவர் கொடியசைத்து அனுப்பிவைக்கப் போகிறாராம்.

வேண்டாம் என்றேன். நேரம் இருக்கிறதே என்றார். நேரம் நம்முடையது இல்லை என்றேன். "நாளைக்கு ஏரி வேலையெல்லாம் அவுங்க வாய்லதான் இருக்கு. பத்து நிமிஷம் நின்னா என்னா கொறஞ்சிடும்?" என்றார். டிரெய்லர் ஓட்டுநர் அவர் சம்பளக்காரர். வண்டி மைதானத்துக்குள் திரும்பியது.

மேடை போட்டிருந்தார்கள். ஒரு லாரி நீளத்துக்கு பிளெக்ஸ். அதில் பிரமுகரின் முகம் பெரிதாக, விமானம் சின்னதாக, பொக்லைன் இன்னும் சின்னதாக. அந்தப் பொக்லைனும் எங்களுடையது இல்லை, வேறு ஏதோ கம்பெனி வண்டியின் படம். மேளம் இருந்தது. பிரமுகர் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், தாலி கட்டியதும் வந்துவிடுவார் என்றார்கள். தாலி கட்டினார்கள், வரவில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். அதற்குள் எங்கள் டிரெய்லர்களைச் சுற்றி மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அடைத்துக்கொண்டன. முன்னால் ஒலிபெருக்கி வேன். எந்தப் பக்கமும் திரும்ப வழி இல்லை.

யூசுப் கீழே இறங்கவே இல்லை. யாரோ பூரி கொண்டுவந்து கொடுத்தார்கள், மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினார். போலீஸ்காரர் வந்து நிறுத்தச் சொன்னார். என் மச்சான் தண்ணிக்கு நடுவுல லாரி மேல உக்காந்திருக்கான் சார் என்றார் யூசுப். அந்தப் போலீஸ்காரர் நல்ல மனிதர், கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் மேடைக்குப் பின்னால் போய் ஒலிபெருக்கிக்காரரிடம் மைக்கைக் கேட்டேன். கார்களை எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். கொடுக்கவில்லை. பிடுங்கினேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒருவர் சொன்னார், "ரொம்ப ஜாஸ்தியா பேசாத. இது உன் ஊரு இல்ல." என் ஊர் இல்லைதான். எனக்கு எந்த ஊரும் இல்லை. ஆனால் தண்ணீரில் நிற்பவன் இவர்கள் ஊர்க்காரன். அதைச் சொன்னேன். அவர் என் சட்டையைச் சரிசெய்துவிட்டு, தலைவர் வர்ற நேரத்தில் பிரச்சினை பண்ணாதீங்க என்று மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் இன்னும் எரிகிறது.

பிரமுகர் வந்தார். கடலூர் மண்ணின் மைந்தன் இன்று வானத்தில் பறக்கிறான் என்று பேசினார். மைந்தன் என்றது பொக்லைனை. பூசணிக்காயைக் குங்குமம் தடவி மிதவைப் பெட்டியின் மேல் உடைத்தார்கள். நாங்கள் உளி வைத்துக் கழுவிய சங்கிலிக் கண்ணிகளுக்குள் விதையும் சில்லறையும் போய் விழுந்தன. கொடியை அசைத்தார். படம் எடுப்பவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று திரும்பவும் அசைத்தார். வெயில் உச்சி தாண்டியிருந்தது.

கடலூரை விட்டு வெளியே வந்து ரெட்டிச்சாவடி தாண்டியதும் ஒரு வேகத்தடை. வண்டி குலுங்கியபோது பின்னால் வந்த டிரெய்லர்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். இறங்கிப் பார்த்தேன். சாலையில் ஈரக்கோடு ஒன்று எங்கள் பின்னாலேயே வந்திருந்தது. வாசனை சொல்லிவிட்டது. யூசுப் ஏறி டேங்க் மூடியைத் திறந்தார். கழுத்து வரை டீசல்.

ராமலிங்கத்தைக் கூப்பிட்டோம். அவர் குரலில் பெருமை இருந்தது. பொக்லைன் ஓனர் சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு கேனாகக் கொண்டுவந்து, நான் மேடைப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பின்பக்கமாக ஏறி ஊற்றி நிறைத்தார்களாம். "நம்ம வண்டி வெறும் வயித்தோட போவக்கூடாதுன்னு ஆசையா ஊத்துனாங்க. நான் எப்படி வேணான்னு சொல்றது?" என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு போனை அணைத்துவிட்டு நின்றேன். திட்டுவதற்கு யாருமில்லை என்பது தெரிந்தது. அன்றைக்கு அந்த மைதானத்தில் மலையில் இருப்பவர்களுக்காகத் தன் கையிலிருந்து ஏதாவது கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

சாலையோரத்தில் டீசலை இறக்கினோம். எங்கிருந்து பார்த்தார்களோ, ஜனம் குடமும் கேனும் பாட்டிலுமாக வந்துவிட்டது. ஒருவர் பீடியோடு வந்தார், அவரை யூசுப் துரத்திக்கொண்டு ஓடினார். வயல் மோட்டார்க்காரர் ஒருவர் தண்ணீர் விட்டார். சோப்புத்தூள் வாங்கிவந்து வழிந்த இடமெல்லாம் தேய்த்தோம். சங்கிலிக்குள்ளிருந்து பூசணி விதையைக் குச்சியால் நோண்டி எடுத்தோம். யூசுப் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டு மிதித்தார்.

தளத்தின் வாசலை அடைந்தபோது பொழுது இறங்கிவிட்டது. விமானம் சொன்ன நேரத்துக்குப் போயிருந்தது, தார்ப்பாயும் மருந்தும் ஏற்றிக்கொண்டு. வாரண்ட் ஆபீசர் வந்து மோந்து பார்த்தார். திரும்பக் கழுவச் சொன்னார். கழுவினோம். நடந்ததை நான் சொன்னபோது முழுவதும் கேட்டார். ஒரு நாள் தாமதத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இங்கே ஒரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அங்கே தெரியாது" என்றார். மறுநாள் காலை விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது அவர்தான். யூசுப்பும் வண்டியோடு ஏறினார். சங்கிலிகளை நானே இறுக்கினேன். கதவு மூடும்போது அவர் மிதவைப் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றார்.

அதோடு என் வேலை முடிந்தது. விடுதியில் கிடந்த துணிகளை எடுக்க அடுத்த நாள் கடலூர் வழியாகத் திரும்பினேன். பழைய நகரத்துக் கடையொன்றில் சுறாப்புட்டும் சோறும் சாப்பிட உட்கார்ந்த மதியத்தில் யூசுப் கூப்பிட்டார். நிதானமாகப் பேசினார். முந்தின நாள் அவர்கள் போய் இறங்கி, வண்டியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதே, சாயந்திரம் அடைப்பு தானாக உடைந்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் இறங்கியதில் முகாமின் கீழ்ப்பக்கம் இருந்த லாரிகளையும் ரோலரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேல்பக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். விடிந்ததும் யூசுப்பின் வண்டியைத்தான் சேற்றில் தேட விட்டார்கள். வேறு எந்த வண்டியும் அங்கே போக முடியாது.

"நாந்தான் எடுத்தேண்ணே" என்றார். இறங்கிக்கொள், வேறு ஆள் ஓட்டட்டும் என்றார்களாம். மற்றவனுக்குப் பக்கெட்டை மெதுவாக இறக்கத் தெரியாது என்று இறங்கவில்லையாம். பிறகு, "வூட்டுல போயி சொல்லிடுங்க. போன்ல எனக்கு வரல" என்றார்.

லால்பேட்டைக்குப் பேருந்து மாறிப் போனேன். மஞ்சக்குப்பத்தில் பிளெக்ஸ் அப்படியே நின்றது. நடத்துனர் சில்லறை கேட்டுக் கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன்.

நூர்ஜஹான் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவையும் பார்த்தாள். "அவுங்க போன் பண்ணல. நீங்க வந்திருக்கீங்க" என்றாள். தம்பி போயிட்டாம்மா என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள், அழுதார்கள். அவள் அழ ஆரம்பிக்கவில்லை. அவர்களைக் கையால் அமர்த்திவிட்டு என்னிடம் கேட்டாள்.

"தண்ணி எப்பண்ணே வந்துச்சு?"

நேற்று சாயந்திரம், வண்டியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றேன்.

"அப்ப ஒரு நாள் முன்ன போயிருந்தா, கட்டி முடிச்சி வாய்க்கா வெட்டியிருப்பாங்க."

அவள் கைபேசியை எடுத்து என் பக்கம் திருப்பினாள். யாரோ அனுப்பியிருந்த வீடியோ. மேளம், மாலை போட்ட மிதவைப் பெட்டி, இரண்டாவது முறை அசைகிற கொடி.

"அந்த ஒரு நாளு இதுதான?" என்றாள்.

ஆமாம்மா என்றேன்.